கியர் விழ மறுக்கிறதா? கியர் பாக்ஸை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

‘‘ஒன்றரை ஏக்கரில் கத்திரியும் கீரையும் போட்டிருக்கிறோம். கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்வர, சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் உறவினரிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கார் தண்ணீரில் நின்றதாம். இப்போது முதல் கியரும் ரிவர்ஸ் கியரும் ‘கரகர’வென்ற சத்தத்தோடுதான் விழுகின்றன. இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டால் சுலபமாக விழுகின்றன. ‘கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்க வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். கத்திரிக்காய் விற்ற பணத்தை இதில் போடலாமா?’’

- வாசகர், திருவள்ளூர் மாவட்டம்.

அவசரப்பட்டுப் பணத்தை எடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது மறுக்கும் கியர், நிறுத்தியதும் சுலபமாக விழுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச்சைத்தான். பெடலை மிதித்ததும் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு முழுதாக விடுபட வேண்டும். அது அரைகுறையாக விடுபட்டால், உள்ளே பற்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் உரசும்.

ஒரு சோதனை செய்யுங்கள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். காத்திருந்தும் ‘கரகர’ வந்தால், கிளட்ச் சரியாக விடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். காத்திருந்த பிறகு சத்தமில்லாமல் விழுந்தால் பயமில்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ ரிங் கிடையாது. சற்றுப் பொறுத்துத்தான் போட வேண்டும்.

கிளட்ச் விடவில்லை என்றால், முதலில் கேபிளைப் பாருங்கள். துருப்பிடித்தோ, நீண்டோ, இழை அறுந்தோ இருக்கலாம். ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால், ஆயில் குறைந்திருக்கிறதா, கசிகிறதா, காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிறு செலவில் முடிகிற வேலை இது.

சத்தம் எப்போது வருகிறது?

* வண்டி நியூட்ரலில் நிற்கும்போது ‘உய்ங்’ என்று கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால்: கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங் தேய்மானம்.

* மிதிக்கும்போது மட்டும் கேட்டால்: கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

* ஓடும்போது, இரண்டாவது போன்ற ஏதோ ஒரு கியர் மட்டும் உரசினால்: அந்த கியரின் சின்க்ரோ ரிங்.

* போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால்: கியர் ஃபோர்க், பற்களின் தேய்மானம் அல்லது தளர்ந்த இன்ஜின் மவுன்ட்.

* முன்சக்கர இழுவை கார் வளைவில் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால்: ஆக்ஸில் ஜாயின்ட். இதற்கும் கியர் பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

கியர் ஆயில் சொல்லும் சேதி

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது கட்டாயம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது, ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைப் பகுதிகளில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. கியர் பாக்ஸில் காற்று போய்வர ஒரு துளை உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் நுழையும். மழைக்காலத்தில் சூடான வண்டியை ஓடைத் தண்ணீரில் இறக்கினாலும் இதே ஆபத்துதான். சூடு திடீரென்று தணியும்போது, பெட்டி தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

ஆயிலை வடித்து ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மசி கொஞ்சம் இருப்பது சகஜம். இரும்புச் சில்லோ, பல் துண்டோ வந்தால் பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வடிக்கும் முன், ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கழலாவிட்டால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது.

வீட்டில் மீதமிருக்கும் டிராக்டர் ஆயிலை காருக்கு ஊற்றாதீர்கள். வண்டிக் கையேட்டில் உள்ள கிரேடுதான் வேண்டும். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், பித்தளை சின்க்ரோ ரிங் பாதிக்கப்படலாம்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

‘இறக்க வேண்டும்’ என்பது வேறு, ‘மாற்ற வேண்டும்’ என்பது வேறு. பெரும்பாலான கார்களில் கிளட்ச் பிளேட் மாற்றக்கூட கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால், ‘எந்தப் பாகத்துக்காக இறக்குகிறீர்கள்?’ என்று கேளுங்கள். கேபிளைச் சரிசெய்தும் தீராமல் இறக்கினால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இறக்குகூலி கொடுக்க வேண்டாம்.

பேரிங்கோ, சின்க்ரோ ரிங்கோ மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். பல் உடைந்திருந்தால்தான் முழுப் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸ் கிடைக்கும். கையால் சுற்றிப் பார்த்து, எல்லா கியரும் விழுகிறதா என்று சோதித்து, ரசீதோடு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு முதலில் கிளட்ச், அடுத்து ஆயில். இந்த இரண்டையும் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

(வாகனம் பற்றிய கேள்விகளில் வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டர், சத்தம் எப்போது வருகிறது ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.)