மருந்து எழுதாத டாக்டரம்மா

சகோதரிகளே, பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? சம்பளம் பாக்கியோ என்று தோன்றும். இல்லாவிட்டால், பிள்ளை எவனையாவது அடித்துவிட்டானோ என்று தோன்றும். தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காளுக்கு வந்த சீட்டு அந்த இரண்டு ரகத்திலும் சேராது. பையனை ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்டிடம் காட்டி, அறிக்கை வாங்கி வர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அடியில் ஒரு வரி: அதன் பிறகே அடுத்த வருஷத்து இடம் பற்றி யோசிக்க முடியும்.

பையனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அத்தானுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் கடல்தான் வீடு. அக்கா போனில் பேசவில்லை, அழுதாள். அன்றிரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். (அக்காளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பையனின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாமே.)

காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காளின் மாமியார் பிடித்துக்கொண்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் ஆச்சி என்பார்கள்.

“நீ படிச்சவ, சொல்லு. பச்சைப் பிள்ளையைப் பைத்தியக்கார டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுதாங்களே, இது அடுக்குமா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? ஏர்வாடிக்கு ஒரு நடை போய்ட்டு வந்தா எல்லாம் சரியாப் போகும்லா?”

ஆச்சியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கடற்கரையில் ‘மனசு’ என்றாலே ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். எந்த மதத்தவராயினும் அங்கே போகிறார்கள், ஆறுதலும் பெறுகிறார்கள். ஆனால் 2001 ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில் நடந்ததையும் மறக்க முடியுமா? தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. மனநலம் குன்றியவர்களை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. மனசு என்ற பேச்சை எடுத்தால் வயிற்றில் புளி கரைவது, அந்தச் சங்கிலியின் சத்தம் இன்னும் காதில் இருப்பதனால்தான்.

ஆனால் எங்கள் பையனுடைய விஷயம் அதுவல்லவே! இந்த நிபுணர்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். 1896-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் லைட்னர் விட்மர் என்பவர்தான் இந்த வகைச் சிகிச்சை நிலையத்தை முதன்முதலாக ஆரம்பித்தார். அவரிடம் முதலில் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பள்ளி ஆசிரியை கையைப் பிடித்து அழைத்துவந்த 14 வயதுப் பையன். மற்றதில் எல்லாம் கெட்டிக்காரன். எழுத்துக் கூட்ட மட்டும் வராது. விட்மர் அவனைப் பரீட்சித்துப் பார்த்ததில், கண் பார்வையில் கோளாறு என்று தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள், தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், பையன் முன்னேறினான். ஆக, இந்தத் தொழிலின் முதல் ‘கேஸே’ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைதான். இதை ஆச்சியிடம் சொன்னேன். “கண்ணாடி போட்டாப் போதுமாக்கும்?” என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

மறுநாள் போனோம். சின்ன அறை, மேஜை, நாலு நாற்காலி, அலமாரி. வெள்ளைக் கோட்டு இல்லை, ஸ்டெதஸ்கோப் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. அக்கா “டாக்டரம்மா” என்று ஆரம்பித்ததும் சிரித்தார். “நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. மருந்து வேண்டியிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன்.”

இந்த வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநோய் சிகிச்சையில் பட்டம் பெற்றவர். இவரோ மனோதத்துவத்தில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. தேறி, அதன்பின் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே இருந்து, நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பயின்றவர். நம் நாட்டில் இந்தப் பயிற்சிக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம் பெங்களூர். அங்கே 1954-ல் அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. மறு வருஷமே மனோதத்துவப் பட்டயப் படிப்பைத் தொடங்கினார்கள். 1974-ல் அது பழைய மனநோய் ஆஸ்பத்திரியோடு இணைந்தது. ‘நிமான்ஸ்’ என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். படிப்புகளின் பெயரும் அமைப்பும் இப்போது மாறிக்கொண்டு வருகின்றன. எப்படியானாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா?” கூச்சப்படாமல் கேளுங்கள். புடைவைக் கடையில் சாயம் போகுமா என்று கேட்கிறோமே, பிள்ளை விஷயத்தில் கேட்டால் என்ன?

அன்று பையனிடம் அவர் அதிகம் பேசவில்லை. நாங்கள் எதிர்பார்த்தது கேள்வி, பரீட்சை, மார்க்கு. அவரோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அக்காளிடமே பேசிக்கொண்டிருந்தார். பிரசவம் எப்படி? பிறந்ததும் அழுதானா? எப்போது தலை நின்றது, எப்போது நடந்தான், முதல் சொல் என்ன? காய்ச்சலில் வலிப்பு வந்ததுண்டா? காது கேட்கிறதா, கண் சோதித்தாயிற்றா? வீட்டில் யார் யார்? அப்பா எப்போது புறப்பட்டார்? இரவில் யாரோடு படுக்கிறான்? வயிற்று வலி எந்தக் கிழமைகளில் வருகிறது?

“கிழமையா?” என்றாள் அக்கா. யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததே இல்லை!

அக்கா சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் அவர் எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் நாம் சமையலுக்கு நடுவே பார்த்துப் பார்த்து மனசில் போட்டு வைத்திருக்கிறோமே, ‘இது பொம்பிளை பேச்சு’ என்று எல்லாரும் தள்ளுகிறார்களே, அதுதான் அந்த அறையில் முதல் சாட்சி. கடைசியில் அக்காளைப் பார்த்து, “நீங்கள் நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அக்காளால் முடியவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் சும்மா காத்திருந்தார்.

கண்ணும் காதும் சோதித்து, இரண்டும் பழுதில்லை என்று தெரிந்த பிறகுதான் பையனுடைய முறை வந்தது. ஒரே நாளில் முடிக்கவில்லை. மூன்று தடவை வரச் சொன்னார். களைத்த பிள்ளையை அளந்தால் களைப்பைத்தான் அளக்க முடியும் என்றார். முதலில் ஒரு பலகை. அதில் வட்டம், நட்சத்திரம், சிலுவை என்று பத்துக் குழிகள். அவற்றுக்கேற்ற பத்து மரக்கட்டைகளைக் கலைத்துப் போட்டு, “ஓடு!” என்று கடிகாரத்தை அமுக்கினார். செகுவின் பலகை என்று பெயராம். நம் சின்னவன் மின்னலாக வைத்தான். மனக்கணக்கும் சொன்னான். கதை கேட்டு, கேட்டபடியே திருப்பிச் சொன்னான். இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் முகம் வெளுத்துவிட்டது. காலை ஆட்டத் தொடங்கினான். ‘மணல்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, ‘மனம்’ என்று ஊகித்து, என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சுலபத்தில் மறக்க மாட்டேன்.

இந்த அளவுகோல்களுக்கும் ஒரு கதை உண்டு. 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே என்பவரும் சிமோன் என்பவரும் முதல் புத்திப் பரீட்சையைத் தயாரித்தார்கள். எந்தப் பிள்ளைக்கு வகுப்பில் தனி உதவி தேவை என்று கண்டுபிடிக்கவே அது ஏற்பட்டது. யாரையும் ஒதுக்கி வைக்க அல்ல. பிறவியில் வந்த புத்தி கூடவே கூடாது என்று பேசியவர்களைப் பினே கண்டித்தே எழுதினார். பாரிஸ் பிள்ளைக்குத் தைத்த சட்டை நம் பிள்ளைக்குப் பொருந்துமா? 1930-களில் வி. வி. காமத் அதைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். பிறகு நாகபுரியில் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்கென்று தனி அளவுகோல் ஒன்றை வகுத்தார். படிப்பில் மட்டும் இடறும் பிள்ளைகளைக் கண்டறிய நிமான்ஸிலும் ஒரு சோதனைத் தொகுதி உண்டு.

அறிக்கை வந்தது. பையனின் புத்தியில் குறைவில்லை. சராசரிக்குச் சற்று மேலேயே இருந்தது. வாசிப்பும் எழுத்தும் மட்டும் முதல் வகுப்பு அளவிலேயே நின்றிருந்தன. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று பெயர். அது சோம்பலுமல்ல, மந்தமுமல்ல. அதன் தலையில் வகுப்பறைப் பயம் வேறு ஏறி உட்கார்ந்திருந்தது. தினம் காலையில் வந்த வயிற்று வலி அதுதான்.

“அந்த நம்பர் அவன் கூடவே வருமா?” என்று அக்கா கேட்டாள். அவர், நம்பர் அன்றைய தினத்து அளவு மட்டுமே என்றும், அவனுக்கு எங்கே கை கொடுப்பது என்று காட்டவே அது பயன்படும் என்றும் விளக்கினார். அக்காளுக்குத் திருப்தியில்லை. வீட்டில் அதைப் புரியவைத்தது, நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஆச்சிதான்!

ஆச்சியின் தகப்பனார் முத்து வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதியவர். 1955 முதல் 1961 வரை இந்தக் கடலில் கடைசியாக நடந்த முத்துக் குளிப்பைச் சிறுமியாகப் பார்த்தவர்கள் ஆச்சி. முத்துக்களைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்களாம். முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1,000 துளை. எதில் நின்றது என்பதைக் கொண்டு பருமன் தெரியும். “பருமனைப் பார்த்து விலை சொல்லிப்புட முடியுமா? உருட்சி பார்க்கணும், ஒளி பார்க்கணும், நிறுக்கணும். அதுக்குக் கண்ணுல்லா வேணும்! அந்த டாக்டரம்மா சல்லடையும் வச்சிருக்கா, கண்ணும் வச்சிருக்கா” என்றார்கள். அதற்காக ஏர்வாடிப் பிரார்த்தனையை விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பையனின் கையில் தாயத்து ஏறிவிட்டது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், ஆட்சேபிக்கவில்லை.

சிகிச்சை என்றதும் ஏதோ வசிய வேலை என்று நினைத்திருந்தேன். நடந்தது இதுதான். தாம்பாளத்தில் உப்பைப் பரப்பி விரலால் எழுத்துப் போட வேண்டும். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்! ‘ண’வுக்கு எத்தனை சுழி, ‘ன’வுக்கு எத்தனை சுழி என்று வாயால் சொல்லிக்கொண்டே போட வேண்டும். தினம் கால் மணி, அதற்கு மேல் கூடாது. பாடம் சொல்லித்தரத் தனியாக ஒரு சிறப்பு ஆசிரியையையும் ஏற்பாடு செய்தார். பயத்துக்குப் படிப்படியாக வைத்தியம்: முதல் வாரம் டாக்டரம்மாவிடம் ஒரு வரி வாசிப்பது, பிறகு அம்மாவிடம், பிறகு ஒரே ஒரு சிநேகிதனிடம், கடைசியாக வகுப்பில். ஒரு படி நிலைக்காமல் அடுத்த படிக்குப் போகவில்லை. கப்பலிலிருந்து அத்தான் போனில் கூப்பிடும்போது மார்க்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று உத்தரவு. அத்தானுக்கு இதுதான் கஷ்டமாக இருந்ததாம். வேறு என்ன கேட்பது என்றே தெரியவில்லையாம்!

பள்ளிக்கும் அவர் கடிதம் எழுதினார். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முறைப்படி சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் முதலிய சலுகைகள் உண்டு. பையனுடைய இடம் தப்பியது. தலைமை உபாத்தியாயர் முழு மனத்தோடு சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீட்டு வந்தால் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகங்கள், தடுப்பூசி அட்டை, மார்க்குச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். செலவைப் பற்றிக் கவலையானால், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைநகர்களின் மற்ற அரசு ஆஸ்பத்திரிகளிலும் விசாரிக்கலாம். முதலில் யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால், 14416 என்ற எண்ணில் 2022 முதல் தமிழிலேயே கட்டணமில்லாமல் பேசுகிறார்கள். அங்கே சொன்னது அண்டை வீட்டுக்குப் போகாது. ரகசியம் காப்பது சட்டப்படி அவர்கள் கடமை.

சின்னவன் இப்போதும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். திங்கட்கிழமைகளில் வயிறு இன்னும் சில சமயம் வலிக்கிறது. போன வாரம் ஆச்சியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறான். எதிரே வந்த பஸ்ஸின் பலகையைப் பார்த்து, “ஆச்சி, சும்மா இருங்க, நான் வாசிக்கேன்” என்று ஆரம்பித்தானாம். தி... ரு... ச்... செ... ந்... தூ... ர். அவன் ‘ர்’ போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆச்சி கையை நீட்டி நிறுத்தவில்லை. அடுத்த பஸ்ஸில் போனார்களாம்.