அத்திபெலேயில் வாசித்துக் காட்டக்கூடிய பதில்

2016 செப்டம்பர் 12 அன்று மாலையும் அதை அடுத்த நாட்களிலும் அத்திபெலேயில் கண்ட காட்சியை அப்பகுதி உழைப்பாளிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். பெங்களூருவிலிருந்து வந்த பேருந்துகள் அத்திபெலேயோடு நின்றுவிட்டன. தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையைத் தாண்டவில்லை. இடையில் வெறிச்சோடிக் கிடந்த நெடுஞ்சாலையில், குழந்தையைத் தோளிலும் பையைத் தலையிலும் சுமந்துகொண்டு மக்கள் ஜூஜூவாடியை நோக்கி நடந்தனர். அதே சாலையில் எதிர்த்திசையிலிருந்தும் மக்கள் நடந்து வந்தனர். இரு திசையிலும் நடந்தவர்கள் பெரும்பாலும் சொந்தமாக வாகனம் இல்லாதவர்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் கூலியை இழப்பவர்கள்.

இந்த நடைக்குக் காரணம் உச்சநீதிமன்றத்தின் காவிரி உத்தரவு என்று சொல்வது பாதி உண்மைதான். செப்டம்பர் 5 அன்று, விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தண்ணீர் திறக்குமாறு நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. 9 அன்று கர்நாடகத்தில் பந்த் நடந்தது. அந்தப் பந்த்தில் பங்கேற்ற கன்னடத் திரைநடிகர்களைக் கேலி செய்து பெங்களூருவில் படித்துவந்த தமிழ் மாணவர் ஒருவர் முகநூலில் எழுதினார். ஒரு கும்பல் அவரைத் தேடிப்பிடித்து அடித்தது. மண்டியிட வைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தது. அதைக் காணொலியாக எடுத்து ஊரெங்கும் பரப்பியது. அந்தக் காணொலி தமிழ்நாட்டுக்குள் வந்ததும் ராமேஸ்வரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வாகனத்தின் ஓட்டுநர் தாக்கப்பட்டார். சென்னையில் ஓர் உணவகத்தின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. ராமேஸ்வரத்தில் அடித்தவர்களும் அதைப் படம்பிடித்தார்கள். அந்தக் காணொலி பெங்களூருவுக்குத் திரும்பிச் சென்றது. 12 அன்று மாலைக்குள் தனியார் பணிமனை ஒன்றில் நின்றிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. பதினாறு காவல் நிலையப் பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். கைதானவர்களில் வட கர்நாடகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்களும் இருந்தனர்.

ஒரு கேலி, அதற்கு ஓர் அடி, அந்த அடிக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் இன்னோர் அடி. அடித்தவர்கள் எல்லோருமே தாங்கள் ‘பதில்’ சொன்னதாகவே கருதினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

செல்பேசிதான் கலவரத்தை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. 1991 டிசம்பர் 11 அன்று காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூருவிலும் மைசூரு வட்டாரத்திலும் தமிழர்களுக்கு எதிராக வெடித்த வன்முறை 2016ஐ விடக் கொடியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது; பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார்கள். அன்று எவர் கையிலும் செல்பேசி இல்லை. வெறுப்பை வளர்ப்பதற்கு ஆட்களும் நோக்கமும் இருந்தால் கருவி எப்படியும் கிடைத்துவிடும். மண்டியாவின் கரும்பு விவசாயிகள் 2015இல் கடன் தாளாமல் தற்கொலை செய்துகொண்டார்கள். 2016இன் இறுதியிலும் 2017இன் தொடக்கத்திலும் டெல்டாவில் கருகிய பயிரைக் கண்ட விவசாயிகள் அதிர்ச்சியிலும் தற்கொலையிலும் மாண்டார்கள். இந்த இருவரையும் ஒரே கேள்வியை ஒரே அரசுகளிடம் கேட்கவிடாமல் தடுப்பதால் யாருக்கு ஆதாயம் என்பதைக் கட்சி உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கருவி மாறியபோது ஒன்று மாறியிருக்கிறது. 1991இல் வதந்தியைப் பரப்பியவன் வேறு, அதைக் கேட்டவன் வேறு. இன்று ஒவ்வொரு உறுப்பினரும் தொழிற்சங்கக் குழு, ஊர்க் குழு, உறவினர் குழு, பள்ளித் தோழர்கள் குழு என்று பல வாட்ஸ்ஆப் குழுக்களில் இருக்கிறார். அங்கே அவர் என்ன படிக்கிறார், எப்படிப் பதில் எழுதுகிறார் என்பது இனியும் அவருடைய தனிப்பட்ட விஷயமல்ல. ஆலை வாயிலில் துண்டறிக்கை கொடுப்பதற்கு முன் அதை இரண்டு பேர் திருத்துகிறார்கள். அதே தோழர் நள்ளிரவில் கோபத்துடன் எழுதும் நான்கு வரிகளை யாரும் திருத்துவதில்லை. ஆனால் துண்டறிக்கையைவிட அந்த நான்கு வரிகள் அதிகம் பேரைப் போய்ச் சேர்கின்றன.

படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். செப்டம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் தன் உத்தரவை மாற்றியது. விநாடிக்கு 15,000 கன அடி என்பதை 12,000 ஆகக் குறைத்தது. கூடவே, 20ஆம் தேதி வரை திறக்க வேண்டும் என்றது. அளவு குறைந்தது, நாட்கள் கூடின. முதல் பாதியை மட்டும் படித்த தமிழருக்கு அது அநீதியாகத் தோன்றும். இரண்டாம் பாதியை மட்டும் படித்த கன்னடருக்கும் அது அநீதியாகத்தான் தோன்றும். ஒரே தாளில் இருந்த இரண்டு வாக்கியங்கள் அவை. கொஞ்சம் கணக்கும் தெரிந்திருந்தால் கோபத்தின் அளவாவது தெரியவரும். விநாடிக்கு 15,000 கன அடி என்பது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.3 டிஎம்சி, 12,000 என்பது ஒரு டிஎம்சியைச் சற்றே தாண்டும். இறுதியாக 2018 பிப்ரவரி 16 அன்று வந்த தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 177.25 டிஎம்சி என்று வகுத்தது. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தவர், “மொத்தத் தண்ணீரையும் கொடுத்துவிட்டார்கள்”, “ஒரு சொட்டும் தரவில்லை” ஆகிய இரண்டு வகைச் செய்திகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. எரிச்சலோடு பத்து வரி எழுதுவதைவிட இந்த எண்களைக் குழுவில் போடுவது நூறு மடங்கு பயன் தரும்.

காணொலியைப் பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். பலமுறை பகிரப்பட்ட செய்தியின் மேல் வாட்ஸ்ஆப்பே இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. அந்தக் குறி இருந்தால், அதை அனுப்பிய நண்பர் எடுத்தவரல்ல, வெறும் கடத்துபவர்தான். எந்த ஊர், எந்த நாள், பின்னணியில் கேட்கும் மொழி எது, கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? இவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய காணொலிகளில் ஒன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவரே விளக்க வேண்டியிருந்தது. அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. பீகார் அரசு ஒரு குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. பெங்களூருவில் 1991இலும் 2016இலும் அஞ்சி நின்ற தமிழ்த் தொழிலாளியின் இடத்தில், திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளி நின்றார்.

அடுத்தது பதில். யாருக்குப் பதில் எழுதுகிறோமோ அவர் மட்டும் அதைப் படிக்கப்போவதில்லை. இருநூறு பேர் உள்ள குழுவில் எழுதுபவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மீதிப் பேர் எதுவும் சொல்லாமல் படிக்கிறார்கள். அவர்களில்தான் தயங்குபவர் இருக்கிறார், இரண்டு பக்கமும் உறவு உள்ளவர் இருக்கிறார், முதல்முறை ஊர்வலத்துக்கு வரலாமா என்று யோசிப்பவர் இருக்கிறார். வசை எழுதியவனை வாயடைக்கச் செய்வதற்காக எழுதப்படும் பதில், இந்த மௌனமான வாசகர்களைத்தான் முதலில் விரட்டும்.

அத்திபெலே, பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். அங்குள்ள தோழருக்கு ஓர் எளிய சோதனை பொருந்தும். எழுதிய பதிலை அனுப்புவதற்கு முன், பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் பக்கத்தில் நிற்கும் கன்னடத் தொழிலாளிக்கு அதைக் கன்னடத்தில் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாசித்துக் காட்டலாம் என்றால், அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அனுப்பலாம். அவர் முன்னால் குரல் தாழும் என்றால் அந்தச் சொல்லை நீக்க வேண்டும். தமிழ்நாட்டின் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. “டெல்டாவுக்குத் தண்ணீர் வேண்டும், தீர்ப்பை நிறைவேற்று” என்பதைத் தாராளமாகக் கன்னடத்தில் சொல்லலாம். “கன்னடன் புத்தி” என்று தொடங்குவதைச் சொல்ல முடியாது. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் உருவான ‘காவிரிக் குடும்பம்’ அமைப்பில் இரு மாநில விவசாயிகளும் ஒருவர் வயலுக்கு மற்றவர் சென்று பார்த்துப் பேசினார்கள். தண்ணீர்ச் சிக்கல் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் பேசியது எதையும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் பேச வேண்டியிருக்கவில்லை.

வசைக்குப் பதில் எழுதியே ஆக வேண்டுமா? இந்தக் கேள்வி மார்க்ஸுக்கே எழுந்தது. ஜெனீவாவில் வாழ்ந்த கார்ல் ஃபோக்ட் என்ற ஜெர்மன் இயற்கை விஞ்ஞானி, மார்க்ஸ் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலின் தலைவர் என்று 1859இல் நூலே எழுதினார். மார்க்ஸ் பெர்லினில் அவதூறு வழக்குத் தொடுக்க முயன்றார்; நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பொருளாதார ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏறத்தாழ ஓராண்டு சான்று திரட்டி, ‘திருவாளர் ஃபோக்ட்’ என்ற நூலை 1860இல் வெளியிட்டார். ஃபோக்ட் லூயி போனபார்ட்டின் குரலில் பேசுகிறார் என்று அதில் நிறுவினார். பிரெஞ்சுப் பேரரசு வீழ்ந்தபின் வெளியான ஆவணங்களில், 1859 ஆகஸ்டில் ஃபோக்டுக்கு 40,000 பிராங்க் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. கூலிக்கு அவதூறு எழுதும் தொழில் இன்றைய ஐ.டி. பிரிவுகளோடு தொடங்கியதல்ல. மார்க்ஸ் சொன்னது மெய்யானது. ஆனாலும் ‘மூலதனம்’ காத்திருந்த அந்த ஓராண்டு அதற்குத் தகுமா என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. மார்க்ஸ் ஆதாரம் திரட்டினார், கடிதங்கள் எழுதினார், ஒரே ஒருமுறை முழுமையாகப் பதில் சொன்னார். கூலிக்கு எழுதுபவனோடு இரவு முழுவதும் ஒற்றை வரிகளில் மல்லுக்கட்டும் தோழர் தன்னை அந்த மரபில் சேர்த்துக்கொள்ள முடியாது.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பொறுமையாகப் படித்து, சரிபார்த்து, மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவதற்குள் பேருந்து எரிந்துவிடாதா? எரிந்துவிடும். 2016இல் ஒரு பகல் போதுமானதாக இருந்தது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மத்திய அரசு ஒரே நேரத்தில் ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பத் தடை விதித்தது. அரசுக்குத் தெரிந்த வழி எப்போதும் இணைப்பைத் துண்டிப்பதுதான். அதனால் பாதிக்கப்படுவது வதந்தி மட்டுமல்ல, மறுப்பும்கூட. ஆகவே அவசர நேரத்தில் எழுதுவதை விட்டுவிட்டுப் பேச வேண்டும். அந்த ஊரில் இருக்கும் தோழருக்கோ சங்க நிர்வாகிக்கோ தொலைபேசியில் அழைத்து, “அங்கே என்ன நடக்கிறது?” என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதை, யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று குறித்து இரண்டு வரியில் குழுவில் இட வேண்டும். தொழிலாளர்கள் மீது வதந்தி பாயும் வேளையில், பண்பாடு கருதி மௌனம் காப்பதாகச் சொல்லிக்கொள்வது கைகழுவுவதற்குச் சமம்.

தவறு நேரும். தவறான காணொலியை நல்லெண்ணத்தோடு அனுப்பிய தோழர்கள் எல்லாக் கிளைகளிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பிறகு சத்தமில்லாமல் அதை அழித்துவிடுகிறார்கள். அழித்தது யாருக்கும் தெரிவதில்லை. ஏற்கெனவே பார்த்தவர் மனதில் அது அழிவதும் இல்லை. எந்தக் குழுவில் அனுப்பினாரோ அதே குழுவில், “முன்பு அனுப்பியது தவறு, காரணம் இது” என்று எழுதுவதற்குக் கூச்சம் தடையாக இருக்கக் கூடாது. சுயவிமர்சனம் மாநாட்டு அறிக்கையின் ஒரு பத்திக்கு மட்டும் உரியதல்ல.

2023 செப்டம்பர் 26 அன்று பெங்களூருவிலும் 29 அன்று கர்நாடகம் முழுவதும் காவிரிக்காக மீண்டும் பந்த் நடந்தது. பேருந்துகள் மீண்டும் ஓசூரோடு நின்றன. எட்டு நாட்கள் கழித்து, அக்டோபர் 7 அன்று, அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி எரிந்தன. பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பெரும்பாலோர் தர்மபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து தீபாவளி நேரத்து வேலைக்காக எல்லை தாண்டி வந்த இளைஞர்கள். அந்த இரண்டு வாரங்களின் செய்திகளை ஒவ்வொரு கிளையும் தன் குழுவில் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம்: தண்ணீர் பற்றி எத்தனை பேர், எந்தச் சொற்களில் எழுதினார்கள், கிடங்குக்கு உரிமம் கொடுத்தது யார், வேலைக்கு வந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருந்ததா, இழப்பீடு உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எத்தனை பேர் கேட்டார்கள்.