அறிமுக வாரம் முடிந்த பிறகு விடுதியில் யார் பார்க்கிறார்கள்?

பொதுப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் பதிந்துகொள்ளும் நாள் வந்துவிட்டால், பேராக்கிலிருந்து புறப்படும் கார்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பின் இருக்கையில் வாளி, தலையணை, மேகி பொட்டலம், நடுவில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கை. சுங்கை சிப்புட், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில், இன்று போகும் பிள்ளைதான் வீட்டின் முதல் பட்டதாரியாக வரப்போகிறவர். "சீனியர் சொல்றதைக் கேட்டு நடந்துக்கோ, எதிர்த்துப் பேசாதே" என்று பெற்றோர் சொல்லி அனுப்புகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் எது வழக்கம், எது வரம்பு மீறல் என்று எடுத்துச் சொல்ல, பல்கலைக்கழகம் பார்த்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

பகடிவதை என்றதும் எல்லோருக்கும் அறிமுக வாரம்தான் நினைவுக்கு வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கு மிங்கு ஹாலுவான் சிஸ்வா என்று பெயர், யூ.ஐ.டி.எம்.மில் மிங்கு டெஸ்தினி சிஸ்வா. தூக்கம் குறையும், கத்திக் கத்தித் தொண்டை கட்டும். ஆனாலும் அந்த வாரத்துக்கு அட்டவணை இருக்கிறது, பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், நிர்வாகத்தின் கண்ணும் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது அதற்கு அடுத்த வாரங்களைப் பற்றித்தான். எந்த அட்டவணையிலும் இல்லாத 'சீனியர் ஜூனியர் சந்திப்பு' அப்போதுதான் தொடங்குகிறது. புலனக் குழுவில் இரவு பதினொரு மணிக்குத் தகவல் வரும்: எல்லோரும் கீழே வாருங்கள். பெயர், ஊர், பள்ளி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீனியரிடமும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பாடு, ஆடு, யாரையாவது காதலிப்பதுபோல் நடி. நான் படித்த காலத்திலும் இது இருந்தது. நள்ளிரவில் சாப்பாடு வாங்கி வர நடந்தவர்களில் நானும் ஒருத்தி. பெரும்பாலானவர்களுக்கு இது சிரிப்போடு முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சிரிக்காதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய வினாத்தாள், பாட நூல், பி.டி.பி.டி.என். விண்ணப்பத்துக்கான வழிகாட்டல், தீபாவளிக்கு ஊர் திரும்பக் காரில் ஓர் இடம் எல்லாமே அந்தச் சீனியர்களிடம்தான் இருக்கின்றன. காசும் தொடர்பும் குறைந்த பிள்ளைக்கு 'முடியாது' என்று சொல்ல இடமே இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை ஒதுங்கிக்கொள்ள முடியும். தோட்டத்துப் பிள்ளையால் முடியாது.

'அண்ணா, அக்கா என்று கூப்பிட வைக்கிறோம், மூத்தோரை மதிப்பது நம் பண்பாடு' என்று இதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. இளைய மாணவன் மூத்த மாணவனுக்கு ஏவல் செய்வது ஆங்கிலேயர்களின் உறைவிடப் பள்ளி வழக்கம். நம் கோலகங்சாரில் 1905-இல் தொடங்கப்பட்ட மலாய் கல்லூரி அத்தகைய பள்ளிகளை மாதிரியாகக் கொண்டுதான் உருவானது. ராகிங் என்ற சொல்லே ஆங்கிலம்தான். இதில் நம் பண்பாடு எங்கிருந்து வந்தது?

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்கள் இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் படித்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பேராக் மக்களுக்கு அந்நியமான பெயர் அல்ல. அங்கே 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன். நாவரசு, விடுதியில் ஒரு சீனியரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். துணைவேந்தர் மகனுக்கே பாதுகாப்பில்லை என்ற அதிர்ச்சியில், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. வழக்கு அதன் பிறகும் இழுத்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, 2001-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது, 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது.

அதற்கு அடுத்த ஆண்டே இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், சீனியர்கள் கட்டாயப்படுத்திய கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டம் அதன் விளைவு. பகடிவதைக்கு இரண்டு ஆண்டு வரையும், பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ இருந்தால் பத்து ஆண்டு வரையும் சிறை. அங்கே ஆயுதம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'தோப்புக்கரணம் போடு' என்ற வகைக் கட்டளை மட்டும்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 மே மாதம் மலேசிய தேசிய தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில், மடிக்கணினியைத் திருடியதாகச் சந்தேகித்து சக மாணவர்கள் சுல்பர்ஹான் ஒஸ்மானின் உடலெங்கும் நீராவி இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்தனர். ஜூன் 1-ஆம் தேதி அவர் இறந்தார். அறுவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் விதித்த மரண தண்டனையை, கூட்டரசு நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் 18 ஆண்டு சிறையாக மாற்றியது. மேலும் 12 பேருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. இது அறிமுக வாரச் சம்பவம் அல்ல, சீனியர் ஜூனியர் விவகாரமும் அல்ல. ஆனால் சூடு வைத்ததற்கும் மரணத்துக்கும் இடையே பத்து நாள் இருந்தது. மாணவர்கள் நிறைந்த விடுதியில், அந்தப் பத்து நாளில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக உரிய நேரத்தில் ஒரு குரல் எழவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2024-இல், ஒரு சீனியர் ஆணி வைத்த பூட்ஸால் மிதித்து ஜூனியரின் எலும்பு முறிந்ததாக மீண்டும் செய்தி வந்தது.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டத் திருத்தம், 507பி முதலான பிரிவுகளில் பகடிவதையைத் தனிக் குற்றமாக்கியுள்ளது. ஒருவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளினால் பத்து ஆண்டு வரை சிறை. அதே ஆண்டு இறுதியில் மக்களவையில் நிறைவேறிய பகடிவதை எதிர்ப்பு மசோதா, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்.மோ முடித்துப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு 19, 20 வயது. அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. போலீஸ் நிலையத்துக்குப் போகும் துணிச்சல் இருந்தால் குற்றவியல் சட்டம் உண்டு, அவ்வளவுதான்.

இந்தியா இந்த இடத்தில் ஒரு படி முன்னால் இருக்கிறது. உச்சநீதிமன்றம் அமைத்த ஆர்.கே. ராகவன் குழு 2007-இல் அறிக்கை தந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள், புகார் உறுதியானால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குப் போக வேண்டிய கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தின. அங்கே பகடிவதை ஒழிந்துவிடவில்லை. ஆனால் புகார் கொடுப்பது பாதிக்கப்பட்ட பிள்ளையின் தனிச் சுமையாக இல்லை. நம் குற்றவியல் சட்டத் திருத்தம் செய்தவரைத் தண்டிக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த விடுதி நிர்வாகத்தை எதுவும் கேட்பதில்லை. இந்திய மாணவர் சங்கங்களுக்கு ஆண்டுதோறும் நிதி கொடுக்கும் நம் அமைப்புகளும், நள்ளிரவுச் சந்திப்பு நடத்தமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என ஒரு நிபந்தனை வைக்கலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனில் "சாப்பிட்டியா" என்று கேட்கும்போது, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே" என்றும் கேளுங்கள். முதல் வாரத்தில் மட்டுமல்ல, மூன்றாவது வாரத்திலும் கேளுங்கள். புலனத்தில் வந்த கட்டளைகளை அழிக்காமல் படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள். புகாருக்கு அவைதான் ஆதாரம். பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே எண் 15999, மனநல உதவிக்கு ஹீல் எண் 15555.