தண்டல் அட்டையும் அஞ்சு மார்க் கேள்வியும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா புதுச்சேரி, தேங்காய்த்திட்டு. பெங்களூருல பொட்டி தட்டுற எனக்கு, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் நாலு நாள் சும்மா நடந்தாலே ஆணி புடுங்குன களைப்பெல்லாம் போயிடும். இந்தத் தடவை அங்க நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் பதிவு.

சித்தி பொண்ணு பி.காம் ரெண்டாம் வருஷம். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க அவகிட்ட கேக்கற முதல் கேள்வி, "ஏம்மா, இன்ஜினியரிங் கிடைக்கலையா?" என்னமோ ரிசர்வேஷன் கிடைக்காம பொதுப்பெட்டியில ஏறின மாதிரி. உண்மையைச் சொன்னா நானும் அப்படி நினைச்ச ஆளுதான்.

அந்த நினைப்பு எனக்கு எப்படி இறங்குச்சுன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல எல்லாரும் பண்றாங்களேன்னு ஆப்ஷன்ஸ்ல இறங்கினேன். நாலு வருஷம் கணக்குப் படிச்சவன், புரோகிராம் எழுதறவன், நமக்குத் தெரியாததான்னு ஒரு மிதப்பு. மூணு மாசத்துல 80,000 ரூபாய் காலி. அப்புறம்தான் 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வைப் படிச்சேன். 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல, ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ்ல விளையாடின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல. அந்தக் கூட்டத்துல என்னை மாதிரி டிகிரி வாங்கின மேதாவிங்க எத்தனை பேரோ!

சரி, தங்கச்சி கதைக்கு வர்றேன். திண்ணையில உக்காந்து ஐ.ஆர்.ஆர் கணக்கு போட்டுட்டிருந்தா. முதல்ல போட்ட பணம், அப்புறம் வருஷா வருஷம் திரும்பி வர்ற பணம், ரெண்டையும் சமமாக்குற வட்டி விகிதம் எதுன்னு கண்டுபிடிக்கிற கணக்கு. கடகடன்னு போட்டா. "இது எதுக்கும்மா பயன்படும்?"னு கேட்டேன். "அஞ்சு மார்க் வரும்ணா"ன்னா :-)

அவளைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது? புத்தகத்துல இருக்கறது எல்லாம் ஏதோ ஒரு கம்பெனி, ஏதோ ஒரு மெஷின். ஊரு பேரு கிடையாது, ஆளு கிடையாது. இத்தனைக்கும் தினம் அவ காலேஜ் பஸ் லாஸ்பேட்டை வழியாத்தான் போகுது. ஜான் லா அப்படின்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1719ல புதுச்சேரியைக் கையில வச்சிருந்த பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியையும் தன் கம்பெனியோட சேர்த்துக்கிட்டார். 500 லிவ்ர் பங்கு அந்த வருஷக் கடைசிக்குள்ள 10,000 வரைக்கும் ஏறுச்சு. 1720ல எல்லாம் கவுந்து, டிசம்பர்ல மனுஷன் பிரான்சை விட்டே ஓடினார். அவரோட சகோதரர் மகன் ழான் லா 1765 முதல் 1777 வரை நம்ம ஊர் கவர்னர். லாஸ்பேட்டையில இருக்கற 'லா' அவர்தான். உலகத்துலேயே பேர்போன பங்குக் குமிழியோட சொந்தக்காரர் பேர்ல ஒரு பேட்டை இருக்கு, அதைத் தாண்டிப் போய்தான் அவ ஃபைனான்ஸ் படிக்கிறா. வகுப்புல இதை யாருமே சொன்னதில்லையாம்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா வந்தாங்க. மீன் வியாபாரம். கையில தண்டல் அட்டை. 10,000 ரூபாய் தண்டல், பிடித்தம் போக கையில 9,000, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். "பத்து பர்சென்ட்தானே தம்பி"ன்னாங்க.

தங்கச்சி என் லேப்டாப்பை வாங்கி எக்செல்ல அதே ஐ.ஆர்.ஆர் கணக்கைப் போட்டா. ஒரு நாளைக்கு சுமார் 0.21 சதவீதம். வருஷத்துக்குன்னு பார்த்தா 77 சதவீதத்துக்கு மேல! காரணம் சிம்பிள். மறுநாளே அசலைத் திருப்பிக் கட்ட ஆரம்பிச்சாச்சு. சராசரியா கையில நிக்கறது 9,000 இல்ல, அதுல பாதி சொச்சம்தான். வங்கிக் கடன்னா 2024 அக்டோபர் 1 முதல், எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு எழுதிக் கொடுக்கணும்கறது ரிசர்வ் வங்கி விதி. தண்டல் அட்டையில அந்த வரி ஏது?

நாங்க ரெண்டு பேரும் ஏதோ பெருசா கண்டுபிடிச்ச மாதிரி அக்காவைப் பார்த்தோம். அவங்க சிரிச்சாங்க. "வட்டி ஜாஸ்தின்னு தெரியாமயா வாங்கறேன்? விடியக்காலையில ஏலத்துக்குக் காசு வேணும். அந்த நேரத்துக்கு எந்த பேங்க் கண்ணு தொறந்திருக்கு?"

என்கிட்ட பதில் இல்லை. தங்கச்சிதான் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "தண்டல் ஓடட்டும்க்கா. கூடவே தினம் 20 ரூபாய் தனியா எடுத்து வைக்க முடியுமா? 450 நாள்ல 9,000 உங்க சொந்த முதல். அப்புறம் தண்டலே வேணாம், வருஷத்துக்கு 3,650 ரூபாய் வட்டி மிச்சம்"னா. அக்கா ஒண்ணும் சொல்லல. மழைக்காலம், மீன்பிடித் தடைக்காலம்லாம் வருமேன்னு ரெண்டு வாட்டி இழுத்தாங்க. போகும்போது அட்டையைத் திருப்பி நீட்டி, "அந்த 450ஐ இதுல எழுதிக் குடு"ன்னாங்க.

என் கருத்து இவ்வளவுதான். ஃபைனான்ஸ் படிப்பு இன்ஜினியரிங் கிடைக்காதவங்களுக்கான ஆறுதல் பரிசு இல்ல. ஆனா புத்தகத்துலயே நின்னுட்டா அது அஞ்சு மார்க்தான். படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் முதல் செமஸ்டர்லயே தன் தெருவுல ஒரு தண்டல், ஒரு சீட்டு, ஒரு நகைக்கடன் கணக்கைப் போட்டுப் பார்க்கணும். போட்டுட்டு, வாங்கினவங்க பக்கத்துல உக்காந்து ஏன் வாங்கினாங்கன்னு கேக்கணும். வட்டி விகிதத்தை எக்செல் சொல்லிடும், விடியக்காலை ஏலத்தை அந்த அக்காதான் சொல்லணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் படிப்பு.

உங்க வீட்டுலயும் பி.காம், பி.பி.ஏ படிக்கிற தம்பி தங்கச்சி இருப்பாங்களே? என்ன கணக்கு போடறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை இல்லீங்க. 80,000 விட்ட ஆளுகிட்ட யாரு கேக்கப் போறா :-)