வளைக்கிற லென்ஸ் யோக்கியன், நேராக்குற லென்ஸ்தான் களவாணி

முதலிலேயே சொல்லிடறேன். நான் பி.காம். மாணவன். போட்டோகிராபி முறையாகப் படித்தவன் கிடையாது. நண்பன் கேமராவை ஓசியில் வாங்கி மொட்டை மாடியில் படம் எடுக்கிற கோஷ்டி. ஆனாலும் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஏன்னா இதில் எங்க அப்பாவின் பத்தாயிரம் ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கேமரா வைத்திருக்கிற யாரிடமாவது வைட் ஆங்கிளுக்கு ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும். "அது பொம்மைடா. பத்து படம் எடுத்துட்டு பீரோல வெச்சிடுவ. கோடெல்லாம் வளையும். ஒழுங்கா நேர்கோட்டை நேரா காட்டுற அல்ட்ரா வைட் வாங்கு. அதுல தெரியறதுதான் உண்மை."

அந்தக் கடைசி வரிதான் என் பிரச்னை.

நாங்கள் இருப்பது அம்பத்தூரில் வாடகை வீடு. சொந்த வீடு என்று இரண்டு வருஷமாக அப்பா ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று அலைகிறார். ஒரு புரோக்கர் ஃபோனில் நாலு படம் அனுப்பினார். ஹாலைப் பார்த்தால் கல்யாணமே நடத்தலாம் போல இருந்தது. சுவர்கள் நேர், கதவு நேர், எல்லாம் நேர். அப்பா நம்பி பத்தாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனோம். அம்மா ஒன்றும் பேசாமல் தரையில் இருந்த இரண்டடி டைல்ஸை எண்ணினார். நீளத்தில் ஐந்து, அகலத்தில் நாலரை. அதாவது பத்துக்கு ஒன்பது. "டைனிங் டேபிள் போட்டா டி.வி.யை மடியிலதான் வெச்சுக்கணும்" என்றார். டோக்கன் இன்னும் திரும்பி வரவில்லை.

படத்தில் ஒரு கோடுகூட வளையவில்லை. அதனால்தான் நம்பினோம்.

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. நேர்கோட்டை நேராகவே காட்ட வேண்டுமானால் லென்ஸ் ஓரங்களை இழுத்தே ஆக வேண்டும். நடுவிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி ஒரு பொருள் இருக்கிறதோ, அந்தக் கோணத்தின் டேன் மதிப்புக்குத் தக்கபடி படத்தில் அதன் இடம் அமையும். 45 டிகிரிக்கு 1. 60-க்கு 1.73. 80-க்கு 5.67. 90 டிகிரிக்கு முடிவிலி. அதனால்தான் எவ்வளவு காசு கொட்டினாலும் இந்த வகை லென்ஸ் 180 டிகிரியைக் காட்டவே முடியாது. ஃபிஷ்ஐயில் பரவலான ஒரு வகை, சம கோணத்துக்குச் சம இடம் கொடுக்கிறது. 180 டிகிரியும் உள்ளே வரும். விலையாகக் கோடுகளை வளைக்கிறது.

இழுப்பதைப் பார்க்க வேண்டுமா? ஏதாவது கல்யாண மண்டபத்து குரூப் போட்டோவை எடுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் போட்டால் படத்தின் ஓரம் சரியாக 45 டிகிரி. அந்த ஓரத்தில் நிற்கும் அத்தையின் தலை உயரத்தில் மாறாது. அகலத்தில் மட்டும் 1.4 மடங்கு ஆகிவிடும். அத்தை ஆல்பத்தைப் பார்த்து டயட் ஆரம்பிப்பார். தப்பு சாப்பாட்டில் இல்லை, லென்ஸில்! ஃபோனில் 0.5 என்று இருக்கிறதே, அது இதைவிட இன்னும் அகலம்.

"ஃபிஷ்ஐ படத்தையும் சாஃப்ட்வேரில் நேராக்கலாமே?" என்பார்கள். தாராளமாக. நேராக்கினதும் அதே இழுவை ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அப்போ பொய் வளைவில் இல்லை, நேராக்குவதில்தான் இருக்கிறது என்று ஆகிறதா இல்லையா?

நியாயத்துக்கு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஃபிஷ்ஐயில் எடுத்தாலும் எதிர்ச்சுவர் தூரமாகத்தான் தெரியும். அறையின் அளவை அதுவும் சொல்லாது. ஆனால் பார்த்ததுமே "நான் வளைத்திருக்கேன், அளவெடுக்காதே" என்று அதுவே சொல்லிவிடும். வீட்டுக் கதவில் இருக்கும் லென்ஸ் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு வராண்டா உருண்டை என்று யாராவது நினைக்கிறோமா? கார் கண்ணாடியில் பொருட்கள் தெரிவதைவிடப் பக்கத்தில் இருக்கின்றன என்று அச்சடித்தே வைக்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் வகுப்பில் இதற்குப் பெயர் டிஸ்க்ளோஷர். ஃபிஷ்ஐ தன் குறையைக் கணக்கிலேயே காட்டுகிறது. அல்ட்ரா வைட் அதை மறைத்து லாபம் காட்டுகிறது.

ஃபிஷ்ஐ பொம்மையாகப் பிறக்கவும் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து மீனுக்கு மேலுலகம் எப்படித் தெரியும் என்று யோசித்து, 1906-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இந்தப் பெயரை வைத்தார். 1924-இல் இங்கிலாந்தின் ராபின் ஹில் மேகங்களை ஆராய முழு வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸ் செய்தார். அளக்கப் பிறந்த லென்ஸைப் பொம்மை என்கிறோம். ஏமாற்ற வசதியான லென்ஸை புரொபஷனல் என்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ஆம் வருட ரெரா சட்டம் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தின் பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு புரமோட்டர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகள் என்றால் பதிவே கட்டாயமில்லை. நம்ம பக்கம் ஒரு கிரவுண்டில், அதாவது 223 சதுர மீட்டரில், ஆறு வீடு கட்டி விற்கிறார்களே, அதெல்லாம் இந்த ஓட்டைக்குள் அடக்கம். பழைய வீடு, வாடகை வீடு, புரோக்கர் ஃபோன் படம் பற்றிக் கேட்கவே வேண்டாம். "சார், படத்துல எதுவும் எடிட் பண்ணலை" என்பார்கள். உண்மைதான், லென்ஸே எல்லாவற்றையும் பண்ணிவிட்டதே :-)

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வீட்டுப் படம் போடுகிறவர்கள் பக்கத்திலேயே அறையின் நீள அகலத்தை அடியில் போடட்டும். போடாதவரை நீங்கள் படத்தில் டைல்ஸை எண்ணுங்கள். எந்த லென்ஸாலும் டைல்ஸின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. ஓரத்தில் குடமோ பந்தோ முட்டை மாதிரி நீண்டிருந்தால் அங்கேயே உஷாராகுங்கள். நேரில் பார்க்காமல் டோக்கன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

என் நண்பன் அவனுடைய பழைய ஃபிஷ்ஐயை விற்கப் போகிறானாம். டேய், விக்காதடா.