ஹோமருக்கு போனஸ் வராத வருஷம்

நேத்து ராத்திரி தாம்பரம் வீட்டுல தம்பியோட சண்டை. விஷயம்: 'தி சிம்ப்சன்ஸ்'. "இப்பவும் நல்லாத்தானேண்ணா இருக்கு"ங்கறான். இல்லீங்க மக்களே!

1989 டிசம்பர்ல வந்த முதல் எபிசோடைப் பாருங்க. நம்ம கல்பாக்கம் மாதிரி ஒரு அணுமின் நிலையத்துல ஹோமருக்கு வேலை. கிறிஸ்துமஸ் போனஸ் கிடையாதுன்னுடறாங்க. வீட்டுல சொல்லத் தைரியமில்லாம சாண்டா வேஷம் கட்டறார். கிடைச்ச 13 டாலரையும் நாய்ப் பந்தயத்துல விட்டுட்டு, தோத்த நாயோட வீடு திரும்பறார். சிரிக்கும்போதே தொண்டை அடைக்கும். தீபாவளி போனஸ் வராத வருஷம் எங்கப்பா ஸ்டேஷன்லேர்ந்து எப்படி நடந்து வந்தார்னு பார்த்தவன் நான்.

1997-ல, எட்டு வருஷமாப் பழகின பிரின்சிபால் ஸ்கின்னரே ஆள்மாறாட்டம்னு ஒரு கதை. கடைசியில எல்லாரும் அதை மறந்துடணும்னு முடிச்சாங்க. மனுஷங்களை விட்டுட்டு ட்விஸ்ட்டைப் பிடிச்சது அங்கதான். அப்புறம் ஹோமர் பெரும்பாலும் வெறும் முட்டாள்.

ஜோக் தீரலீங்க. ஹோமரோட கவலைதான் தீர்ந்துபோச்சு. கவலை இல்லாதவனைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் சிரிக்கறது?