பாணன் மறைந்தான், புரவலர் எங்கே?

புரவலன் மறைந்தபோது புலவரும் பாணரும் ஆற்றாது அழுத பாடல்களைக் ‘கையறுநிலை’ எனத் தனித்துறையாகவே வகுத்துப் போற்றுவது தமிழ். பாரி மாய்ந்தபின் பறம்பு மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கலங்கினார் கபிலர். அதியமான் அஞ்சியை இழந்து அரற்றினார் ஔவையார். ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்தபின், மலர்ந்து நின்ற முல்லையைக் கண்டும் நெஞ்சம் நொந்தார் குடவாயிற் கீரத்தனார். கொடுத்தவர் போனார், பாடியவர் அழுதார். அது பண்டைய நெறி.

வன்னி மண்ணில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் அந்நெறி தலைகீழாயிற்று. அன்று பாடியவர் போனார்; கேட்டவர் அழுதனர். ஈழத்தின் எழுச்சிப் பாடகர் எஸ். ஜி. சாந்தன் அவர்கள், சிறுநீரக நோயுடன் நெடிது போராடி, யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் கண்மூடினார். அவர் வாழ்ந்த கிளிநொச்சி அன்று ஒரு சாவீடாயிற்று. அவருடைய முகத்தை ஒருமுறை காண ஊர் திரண்டது. உழவர் வந்தனர், தாய்மார் வந்தனர், அவர் புகழோடு விளங்கிய காலத்தில் பிறந்தே இராத சிறுவரும் வந்தனர். பதவியில் இருந்தவர் அல்லர் அவர். பணம் படைத்தவரும் அல்லர். வாக்குக் கேட்டு எந்த வாயிலிலும் நின்றவர் அல்லர். குரல் ஒன்றே அவர்தம் செல்வம். அக்குரலுக்காகவே மக்கள் கண்ணீர் சொரிந்தனர்.

பாட்டுக்காரர் ஒருவருக்கு இத்துணைத் துயரமா என்று வினவுவோர் உளர். அவர்கட்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

வன்னி, வரலாற்றை ஏட்டில் எழுதி வைத்த நாடன்று. பாட்டில் பொதிந்து வைத்த நாடு. அருவி வெட்டும்போது பாட்டு. குருவி ஓட்டப் பாட்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் சிலம்பின் கதையும் பாட்டு. யானையைப் பிணித்த வீரப்பெண் அரியாத்தையை இன்று நாம் எவ்வாறு அறிகின்றோம்? கல்வெட்டாலா? இல்லை. அவள் மறைவிற்கு அழுது பாடிய ஒப்பாரி ஒன்று வாய்மொழியாக நின்றமையாலேயே அறிகின்றோம். இத்தகைய நிலத்தில் பாடகர் என்பவர் பொழுதுபோக்குக்குரிய ஆள் அல்லர்; ஊரின் நினைவைத் தாங்கி நிற்கும் தூண். தூண் சாய்ந்தால் வீட்டார் அலறுவது இயல்பன்றோ?

சாந்தன் அவர்கள் இந்த மரபிலே தோன்றியவர். இசை நாடக மேடையில் அரிச்சந்திரனாக நின்று, சுடலைக் காட்சியில் நள்ளிரவு கடந்தும் மக்களை உறங்கவிடாது வைத்தவர். ஒலிவாங்கியின் துணையின்றியே கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பாடிய பழங்கூத்தரின் தொண்டை அவருடையது. கோயில் திருவிழாக்களில் தெய்வப் பாடல்களைப் பாடினார். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகத்து ஒலிநாடாக்களிற் பாடினார். பேரும் புகழும் அவருக்கு அவ்வழியே வந்தன. இதனை மறைத்து எழுதுவது அவருக்கும் நேர்மையன்று, வரலாற்றுக்கும் நேர்மையன்று. அவ்வியக்கத்தைப் பற்றித் தமிழ் மக்களிடையே பல கருத்துகள் உள. அதனாற் காயம்பட்டோரும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் துயரையும் நாம் மதிக்கின்றோம். ஆயினும் மின்சாரமற்ற இரவுகளிலும், பதுங்குகுழி வாயிலிலும், இடம்பெயர்ந்து மரநிழலிற் குடியிருந்த நாள்களிலும் ஒரு மக்கட் கூட்டத்துக்குத் துணையாக நின்ற குரல் அது என்பதை எவரும் மறுக்க முடியாது. மகனை இழந்த தாய் அக்குரலைக் கேட்கும்போது கொள்கையை நினைப்பதில்லை, மகனையே நினைக்கின்றாள். எனவே அன்று கிளிநொச்சியில் அழுதவர்கள் ஒரு பாடகருக்காக மட்டும் அழவில்லை. வாய்விட்டு அழ இயலாமற் போன பல சாவுகளுக்கும் சேர்த்தே அழுதனர்.

இவ்வியல்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ‘ரொக்’ இசைப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 42ஆம் அகவையில் திடீரென மாண்டார். பல்லாயிரவர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்று கதறினர். அவ்வளவில் அவர்கள் நின்றுவிடவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது. 1982இல் அவ்வீடு மக்கள் காணத் திறந்துவிடப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் அன்பர்கள் மெழுகுதிரி ஏந்தி அவர் கல்லறைக்கு நடக்கின்றனர். அவருடைய பாடல் எந்நாளில் எந்த இடத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது, உடன் இசைத்தவர் யாவர் என்பதெல்லாம் பதிவில் உள்ளன. அவர்கள் அழுகையை அமைப்பாக்கினர். நாமோ அழுகையை அழுகையாகவே விட்டுவிட்டோம்.

இங்கேதான் நம் நெஞ்சைச் சுடும் வினா எழுகின்றது. சாந்தன் அவர்களின் சாவு பிரெஸ்லியின் சாவு போன்று முன்னறிவிப்பின்றி வந்ததா? இல்லை. சிறுநீரக நோய் ஒரே இரவில் கொல்வதன்று. குருதியைத் தூய்மை செய்ய வாரந்தோறும் மருத்துவமனைக்கு அலையவேண்டும்; மாற்றுச் சிறுநீரகம் தேடவேண்டும்; மருந்துக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். அவர் நோயுற்றிருந்த செய்தி நாம் அறிந்த செய்தியே. நமக்கு அது திடீர்ச் சாவாகத் தோன்றியதற்குக் காரணம் ஒன்றுதான்: அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம், அவரைக் கேட்கவில்லை.

அன்று புரவலன் மறையப் பாணன் அழுதான். இன்று பாணன் மறையப் புரவலராகிய மக்கள் அழுதோம். நன்று. ஆனால் நாம் புரவலராக இருந்தோமா? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வழிவந்தோர் என மேடைதோறும் முழங்குகின்றோமே, பாடகரின் நோய்ப்படுக்கைக்கு அருகே நம்முள் எத்தனை பேர் சென்றோம்? கையில் இருந்ததைக் கொடுத்துக் கடமையாற்றிய அன்பர்களும் இருந்தனர், அவர்களை வணங்குகின்றோம். எனினும் தனியாரின் இரக்கம் வேறு. ஓர் இனத்தின் ஏற்பாடு வேறு. இரக்கம் இருந்தது, ஏற்பாடு இருக்கவில்லை.

இக்குறை இன்று தோன்றியதன்று. தமிழகத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரைப் போன்று கொண்டாடப்பட்டவர் எவர்? 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பின்னர் வழக்கு வந்தது, சிறை வந்தது. குற்றமற்றவர் என 1947இல் வெளியே வந்தபோது பழைய கூட்டம் இல்லை. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள், 50 அகவையும் நிரம்பாத நிலையில், சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். இறந்தபின் ‘ஏழிசை மன்னர்’ என எல்லோரும் எழுதினர். உயிரோடு இருக்கையிற் கைவிடுவதும் உயிர் போனபின் முடிசூட்டுவதும் தமிழரின் பழைய நோய். அந்நோய்க்கு மருந்து தேடாதவரை நம் கண்ணீரை நம்ப எவருமிலர்.

ஆகவே, பெப்ரவரி பிறக்கும்போதெல்லாம் படத்துக்கு மாலையிட்டு, ஒரு பாட்டை ஒலிபரப்பி, கலைந்து செல்லும் வழக்கத்தை மாற்றுமாறு வேண்டுகின்றோம். செய்யத்தக்க பணிகள் மூன்று உள.

முதற்பணி, பாடல்களைத் தேடிச் சேர்ப்பது. போர்க்காலத்து வன்னியில் ஒலிநாடாக்களே மக்களின் நூலகம். இடப்பெயர்விலே பல தொலைந்தன. 2009இற்குப் பின்னர் அச்சத்தால் மண்ணிற் புதைத்தோரும் தீயிலிட்டோரும் உளர். எஞ்சியவையும் வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன; அவற்றை ஓடவிடும் கருவிகளும் அருகிவிட்டன. இன்று கணினியிற் கிடைப்பவை பிரதியின் பிரதிகள். பாட்டு உண்டு, விவரம் இல்லை. எழுதிய கவிஞர் யார்? இசையமைத்தவர் யார்? மிருதங்கமும் வயலினும் வாசித்தவர் யாவர்? அறிந்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்று இன்றும் மாற்றாரைக் குற்றஞ்சாட்டுகின்றோம், சாட்டவேண்டியதே. நம் வீட்டுப் பெட்டியிற் கிடந்து அழியும் குரல்களுக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது? 2005இற் தொடங்கிய நூலக நிறுவனம் நம் ஏடுகளையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்துவருகின்றது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் நம் வாயிலிலேயே நிற்கின்றது. அரசியற் பாடல்களையும் கோயிற் பாடல்களையும் கூத்துகளையும் நாட்டார் பாடல்களையும் வேறுபாடின்றித் திரட்ட இத்தகைய நிறுவனங்களோடு ஊர்மக்கள் கைகோத்தல் வேண்டும்.

இரண்டாவது பணி, உயிரோடிருக்கும் கலைஞரைக் காப்பது. முதுகலைஞர்க்கு அரசு ‘கலாபூசணம்’ வழங்குகின்றது. பட்டம் பசி தீர்க்காது. நம் உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கலைஞர் காப்பு நிதியாக ஒதுக்கலாமன்றோ? நோய் வந்தபின் உண்டியல் குலுக்குவது கலைஞருக்கு இழிவு. குலுக்க வைத்த நமக்கோ அதனினும் பெரிய இழிவு. நோய் வருமுன்னரே மாதந்தோறும் ஒரு தொகை சென்று சேர்தல் வேண்டும். முள்ளியவளைக் கூத்தர்க்கும், உடுக்கடிப் பாடகர்க்கும், நாதசுரம் தவில் வாசிப்போர்க்கும் அது சேர்தல் வேண்டும். புகழ்பெற்றவர்க்கு மட்டுமானால் அது மீண்டும் மாலையிடும் வேலையே.

மூன்றாவது பணி, புலம்பெயர்ந்த நம் உடன்பிறப்புகளுக்குரியது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் சாந்தன் அவர்களின் பாடல் ஒலிக்காத தமிழ் விழா அரிது. நுழைவுச்சீட்டு விற்கப்படுகின்றது, மண்டபம் நிரம்புகின்றது. பாடல் பிறந்த மண்ணில் வாழும் கவிஞருக்கும் இசைஞருக்கும் அதில் எத்துணைப் பங்கு செல்கின்றது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளிக்கு அவர் வாழ்நாள் முழுவதும் அதன்பின் 70 ஆண்டும் உரிமை உண்டென்கின்றது. பாடியவருக்கும் அச்சட்டத்திற் பாதுகாப்பு உண்டு. சட்டத்தைக் காட்டி மிரட்டுவது நம் நோக்கமன்று. அறத்தைக் காட்டி வேண்டுகின்றோம். மேடையில் ஒரு பாட்டு ஏறும்போது, அதைத் தந்த வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அரசியல்வாதிகளுக்கும் ஒரு சொல். சாவீட்டில் முன்வரிசை நாற்காலி உங்களுக்கு எளிதிற் கிடைக்கின்றது. அந்நாற்காலியிலிருந்து எழுந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. பாடகரின் குரலைத் தேர்தல் வண்டியிற் கட்டி ஓட்டுவது எளிது. அவர் குடும்பத்தின் வாயிலில் நிற்பதே கடினம். கடினமானதைச் செய்பவரையே மக்கள் தலைவர் என்பர்.

பாரியை இழந்த கபிலர் அழுததோடு அமையவில்லை. பாரியின் மகளிரை அழைத்துச் சென்று அவர்க்கொரு வாழ்வு தேட அரசர் வாயில்களில் நின்றார். கையறுநிலை என்பது கையற்று நிற்பதற்கு மட்டுமன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடமைக்குச் செல்வதற்குமே என்பதை அப்பெரியார் நடந்து காட்டினார். சாந்தன் அவர்களுக்காக அழுத வன்னி மக்கள் நல்லோர், நெஞ்சில் ஈரமுடையோர். அந்த ஈரம் வெயிலுக்குக் காய்ந்துவிடலாகாது. இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வயலை அடைந்தாலன்றோ நெல் விளைகின்றது? கண்ணீருக்கும் ஒரு வாய்க்கால் வெட்டுவோம்.

இன்றும் நம் ஊர்களில் ஏதோ ஒரு குடிசையில் ஒரு பாடகர் இருமிக்கொண்டு கிடக்கக்கூடும். அவர் பெயரை நாளை சுவரொட்டியில் எழுதுமுன், இன்று அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.